எவன் போட்ட கூரை இது?

அவர் எங்கள் மெஸ்ஸுக்கு முதன்முதலாக வந்தபோது வணக்கம் சொல்லவில்லை. உட்காரவில்லை. நான் நீட்டிய தண்ணீர்ச் சொம்பைக் கண்டுகொள்ளவும் இல்லை. இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, அண்ணாந்து, கூரை இருந்த இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். ஓரத்தில் பிய்ந்து தொங்கிய சிமென்ட் ஷீட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"எவன் போட்ட கூரை இது?"

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமனார் நிமிர்ந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் திட்டு என்றால் எப்படியோ விழுந்துவிடும்.

"போட்டவன் மனுசனே இல்ல. அவன் கைய முறிச்சி அடுப்புல வெக்கணும்" என்றார் வந்தவர்.

"நான்தான் போட்டேன்" என்றார் மாமனார்.

வேறு யாராக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் இமைக்கக்கூட இல்லை. "உன்ன சொல்லல பெருசு. உனக்கு ஷீட்டு வித்தான் பாரு, அவன சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்களுக்குச் சொந்தமான துண்டு மனையில்தான் மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலும் வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள். தூத்துக்குடி, தென்காசி, ராமநாதபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். அந்தக் கார்த்திகைப் புயல் கூரையைக் கொண்டுபோன மறுநாள் அவர்கள் ஷிப்ட் முடிந்து வந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எதிர்ப்பக்கம் பரோட்டாக் கடைக்குப் போனார்கள். ஒரு வாரம் அங்கே பழகிவிட்டால் நாக்கு திரும்பி வராது என்று எனக்குத் தெரியும்.

கூரை வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் போன் செய்தேன். ஒரகடம் முழுவதும் தொழிற்சாலைகளுக்கே தகரம் பறந்திருந்த நேரம். ஒருவர் "எத்தன ஆயிரம் சதுரடி?" என்று கேட்டார். மெஸ் என்றதும் இணைப்பைத் துண்டித்தார். இன்னொருவர் பொங்கலுக்குப் பிறகு கூப்பிடச் சொன்னார். வருகிறேன் என்று சொன்ன ஒரே காண்ட்ராக்டர் இவர். சொன்னது மட்டுமல்ல, முழங்கால் தண்ணீரில் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு அன்றைக்கே வந்தும் விட்டார். அவருடைய நல்ல குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். கூப்பிட்டால் வருவார். வந்த பிறகு நடப்பதெல்லாம் வேறு கதை.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணா என்பேன். எங்களில் யார் பெரியவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

தலையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பாதுகாப்புத் தொப்பி இருக்கும். ஏதோ ஒரு கம்பெனியுடையது. பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எந்தக் கூரையிலும் ஏறியதை யாரும் பார்த்ததில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு தரையில்தான் நிற்பார். கேட்டால், "மேல ஏறுனா காலுக்குக் கீழ கீறதுதான்க்கா தெரியும். கீழ நின்னு பாக்குறவன்தான் முழுசா பாப்பான்" என்பார். சட்டைப் பையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் அளவுக் கருவி ஒன்று வைத்திருந்தார். துப்பாக்கி மாதிரி அதை நீட்டி ஒரு கண்ணை மூடி அளவெடுப்பார். கருவியில் வந்த எண்ணை ரகசியம்போலத் தனக்குள் படித்துக்கொள்வார். பிறகு மேலே நிற்கும் வெல்டரைப் பார்த்து, "டேப்ப போட்டு சொல்லுப்பா" என்று கத்துவார்.

அந்த வெல்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். வேலையெல்லாம் செய்வது அவர்தான். அவருக்கும் எங்கள் மெஸ்ஸில்தான் சாப்பாடு. "அண்ணாச்சிக்கு வேல தெரியாதுன்னு சொல்லாதிய அக்கா. அடுத்தவன் வேலையில என்ன தப்புன்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி ஒருத்தனுக்கும் தெரியாது" என்று ஒருமுறை சொன்னார். புகழ்கிறாரா கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

உண்மைதான். எந்த இடத்துக்குப் போனாலும் அவர் கண் நேராக மேலேதான் போகும். ஒருமுறை ஷீட் வாங்க அவருடைய புல்லட்டின் பின்னால் என் கணவர் வல்லம் வடகால் வழியாகப் போயிருக்கிறார். போகிற வழியில் ஒரு பெரிய தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்தி, காவலாளியைக் கூப்பிட்டு, கூரையைக் காட்டி, "சரிவு பத்தல. தண்ணி நிக்கும். எவன் போட்டான் இத?" என்று கேட்டாராம். காவலாளி வடநாட்டுப் பையன். ஒன்றும் புரியாமல் வருகைப் பதிவேட்டை நீட்டினானாம். வண்டியை மறுபடி கிளப்பும்போது என் கணவரிடம், "அந்த ஷெட்டு நிக்கிற எடம் எங்க கழனிதான். உள்ள வுட மாட்டேங்கிறானுங்க. வுட்டா சரி பண்ணிக் குடுப்பேன்" என்றாராம். என் கணவர் இரக்கப்பட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கூரை வந்துவிட்டது. அதையும் திட்ட வேண்டியிருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு பல் டாக்டரைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை. ஏன் என்று கேட்டேன். "வாயத் தொறக்கச் சொல்லி டார்ச்சு அடிச்சிப் பாத்தாரு. பாத்துட்டு மொத கேள்வி, 'எவன் அடைச்சான் இந்தப் பல்ல?' அப்படின்னாரு. அப்பவே தெரிஞ்சிபோச்சுக்கா, இந்த ஆளு தொழில் தெரிஞ்சவரு" என்றார். சொல்லும்போது கன்னம் வீங்கித்தான் இருந்தது. அந்த டாக்டர் அடைத்த பல்லும் அதற்குள் போயிருந்தது.

எங்கள் மெஸ்ஸுக்கு நீல நிறத் தகர ஷீட் போட்டார். பளபளவென்று இருந்தது. "புயல் வந்தா இந்த எடத்த மட்டும் சுத்திகினு போவும் பாரு" என்றார். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எனக்கும் அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. அடுத்த மழைவரைக்கும்.

மழை வந்ததும் நடு மேசைக்கு மேல் சொட்டத் தொடங்கியது. போன் செய்தேன். வந்தார். சொட்டும் இடத்துக்கு நேர் கீழே நின்று உள்ளங்கையில் ஒரு சொட்டைப் பிடித்தார். மோந்து பார்த்தார். நக்கியும் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"இது மழத் தண்ணியே இல்லக்கா."

"அப்புறம் இன்னாவாம்?"

"வேர்வ. தகரம் வேர்க்குது. நீ கீழ இவ்ளோ பெரிய அண்டாவுல சாம்பார் கொதிக்க வெக்கிற. ஆவி மேல போவுது. குளுந்த தகரத்துல பட்டு திரும்ப எறங்குது. இது உன் சாம்பாருதான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கையைத் தட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைக் கீழே வைத்தேன், கையிலிருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

"மழ நின்னா சாம்பாரும் நின்னுபோவுதே அண்ணா, அது எப்படி?"

"சாம்பார் வெக்கிறவன் எவன்? பருப்பு ஜாஸ்தி. ஆவி கனமா கீது" என்றார். பிறகு வெல்டரை மேலே ஏற்றி ஏதோ கருப்புப் பசையைத் தடவச் சொன்னார். சொட்டு நடு மேசையிலிருந்து ஓர மேசைக்கு இடம் மாறியது. அந்த மழைக்காலம் முழுவதும் ஓர மேசையில் குடை பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். சொட்டு விழுந்தால், "அக்கா, இன்னும் கொஞ்சம் சாம்பார் வந்திருச்சு" என்று கத்துவார்கள்.

சிரித்துக்கொண்டு கடந்திருப்பேன். ஆனால் அடுத்த காற்று அப்படி விடவில்லை.

அது பெயர் வைத்த புயல்கூட இல்லை. ஒரு காலை நேரத்தில் அடித்த வெறும் காற்று மழை. எங்கள் கூரையில் தெற்கு ஓரத்து ஷீட் இரண்டு, தாளைக் கிழிப்பதுபோலக் கிழிந்து எழுந்தன. ஒன்று சாலையில் விழுந்தது. இன்னொன்று பக்கத்துப் பெண்கள் விடுதியின் மொட்டை மாடிக்குப் பறந்து, துணி காயப்போடும் கொடியை அறுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது.

விடுதிக்காரர் தன் தொட்டியும் அதன் மேலிருந்த கொட்டகையும் போனதைப் பார்த்துவிட்டு இவரையே போன் செய்து அழைத்திருக்கிறார். அவருக்கு எங்கள் கூரையைப் போட்டவர் யார் என்று தெரியாது. எதையும் கவனிக்கும் பழக்கமில்லாத மனிதர். காண்ட்ராக்டரும் யார் வீட்டு ஷீட் என்று கேட்காமல் வெல்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புல்லட்டில் வந்து இறங்கிவிட்டார். ஷீட்டைக் கீழே இறக்கி வாசலில் போட்டிருந்தார்கள். நானும் ஓடினேன். விடுதிப் பெண்கள், எங்கள் பிள்ளைகள், ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று நல்ல கூட்டம்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஷீட்டைச் சுற்றி வந்தார். காலால் புரட்டினார். ஓட்டைகளில் விரலை விட்டார்.

"எவன் போட்டான் இத?"

பேச வேண்டாம் என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாருங்க. கொக்கி போட வேண்டிய எடத்துல வெறும் ஸ்க்ரூவ வுட்டுகீறான். கொக்கின்னா கொழாயக் கட்டிப் புடிச்சிகினு நிக்கும். ஸ்க்ரூ இன்னா பண்ணும்? காத்து ஒரு தூக்கு தூக்குனா புடுங்கிகினு வந்துடும். காசு மிச்சம் பண்ணிகீறான் திருட்டுப் பய. இவன செருப்பால அடிக்கணும். ஊருக்குள்ள வேல செய்யவே வுடக் கூடாது இவன."

அத்தனையும் சரி. ஒரு வார்த்தையில் பிழை இல்லை. அவ்வளவு தெளிவாக ஒரு குற்றச்சாட்டை அதன் பிறகு நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

"அண்ணா, அது எங்க மெஸ் ஷீட்டு" என்றேன்.

அவர் நீல நிறத்தைப் பார்த்தார். தலையைத் திருப்பி எங்கள் கூரையில் விழுந்திருந்த பெரிய ஓட்டையைப் பார்த்தார். ஒரு நிமிடம் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

"அதான பாத்தேன்," என்றார். "ஷீட்டு நல்ல ஷீட்டா கீதே, வேல தெரிஞ்சவன் வாங்குன மாதிரி கீதேன்னு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் உடனே வெல்டர் பக்கம் பாய்ந்தார். "ஸ்க்ரூ போட்டது எவன்?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றார் வெல்டர் அமைதியாக. "கொக்கி வாங்கிட்டு வாங்கன்னு கேட்டேன். ஸ்க்ரூவே போதும்னு சொன்னிய. சாம்பார் வேர்க்கும்னும் சொன்னிய."

"அப்போ ஸ்க்ரூ நல்லா வந்துகினு இருந்துச்சி. இப்ப வர்ற காத்துதான்—"

அவர் முடிப்பதற்குள் விடுதிப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். ஒல்லியான பெண், தூத்துக்குடிப் பக்கம். எங்கள் மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாடு. கையில் அவளுடைய துப்பட்டாவை வைத்திருந்தாள். கத்தரியால் வெட்டியதுபோல இரண்டு துண்டாக இருந்தது.

"அண்ணே, துணியக் காயப்போட்டுட்டு இப்பத்தான் படியில எறங்குனேன். பின்னாலயே சத்தம் கேட்டுச்சு." அவள் அழவில்லை. துண்டு இரண்டையும் அவரிடம் நீட்டினாள். "இத எவன் தலையில போட?"

அவர் வாங்கிக்கொண்டார். அவர் பதில் சொல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

மதியம் மெஸ்ஸுக்கு வந்து, கொக்கி போட்டு மொத்தக் கூரையையும் திரும்பக் கட்டித் தருவதாகச் சொன்னார். "கியாரண்டி எழுதியே தர்றேன்க்கா."

"எழுத்தெல்லாம் வேணாண்ணா. அடுத்த தபா புயல்னு டிவியில சொன்னா, நீ இங்க வந்து உக்காரணும். இந்தக் கூரைக்குக் கீழ. காத்து அடங்குற வரைக்கும்."

சிரித்தார். சுற்றிலும் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"உக்காந்தா போச்சு. எனக்கு இன்னா பயமா?" என்றார்.

அந்தமுறை நடந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்போதும் ஏணியில் கால் வைக்கவில்லை. ஆனால் கீழே நின்றபடி ஒவ்வொரு கொக்கிக்கும் உயிரை விட்டார். "அத இன்னொரு சுத்து முறுக்கு. அந்த மூலயில ரெண்டாப் போடு. மூணு போடு!" வெல்டர் மேலேயிருந்து, "அண்ணாச்சி, இது கூரையா, இல்ல உங்களுக்குக் கட்டுத ஜெயிலா?" என்று கேட்டார்.

அடுத்த வருடம் புயல் எச்சரிக்கை வந்தது. கம்பெனிகள் எல்லாம் விடுமுறை விட்டன. ஒழுகும் அறைகளில் கிடக்க முடியாமல் பிள்ளைகள் காலையிலேயே மெஸ்ஸுக்கு வந்து அடைந்துவிட்டார்கள். விடுதிப் பெண்களும் வந்தார்கள். துப்பட்டா கிழிந்த பெண் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். நான் போன் செய்தேன்.

"வண்டி பஞ்சருக்கா."

"நடந்து வாண்ணா."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மழைக்கோட்டும் தொப்பியுமாக வந்துவிட்டார். நடு மேசையில் உட்கார்ந்து ஆம்லெட் கேட்டார். "இந்தக் கூர இன்னா கூரன்னு நினைச்சீங்க? யான கட்டுனா நிக்கும்" என்று பையன்களிடம் ஆரம்பித்தார்.

காற்று ஏறியதும் பேச்சு குறைந்தது. ஷீட்டின் ஓரங்கள் படபடக்கத் தொடங்கியபோது ஆம்லெட்டைப் பாதியில் வைத்துவிட்டார். கண் ஒவ்வொரு கொக்கியாக ஓடியது. எது எங்கே எத்தனை சுற்று என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவருடைய கஷ்டம். பெரிய வீச்சு ஒன்று வந்து மொத்தக் கூரையும் மூச்சு இழுத்ததுபோல மேலே எழும்பி இறங்கியது. பெண்கள் கத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் கூரையைத் தாங்கும் குறுக்குக் குழாயைப் பிடித்துத் தொங்கினார்.

"அண்ணாச்சி, நீங்க தொங்குனா கூர நிக்குமா? எறங்குங்க" என்றார் வெல்டர் சாப்பிட்டுக்கொண்டே.

"வாய மூடு. நீயும் வந்து புடி!"

முதலில் சிரித்தார்கள். அடுத்த வீச்சில் ஒரு பையன் பெஞ்சுமேல் ஏறிக் குழாயைப் பிடித்தான். பிறகு இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் வரிசையாகப் பெஞ்சுகள்மேல் நின்று ஆளாளுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெல்டரும் கையைக் கழுவிவிட்டு வந்து பிடித்தார். தகரத்தின் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்டிருக்காது. காண்ட்ராக்டர் கண்களை இறுக மூடியிருந்தார். உதடு எதையோ முணுமுணுத்தது. சாமி பெயரா, கொக்கிக் கணக்கா, தெரியவில்லை.

கூரை நின்றது. கொக்கியால் நின்றதா, கைகளால் நின்றதா என்று இன்றுவரை எங்கள் மெஸ்ஸில் இரண்டு கட்சி உண்டு.

காற்று அடங்கி எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. விரல்கள் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வெல்டர்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்து இறக்கினார். டீ கொடுத்தேன். தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் குழாயைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றன. அந்தத் தூத்துக்குடிப் பெண் எழுந்து வந்து தம்ளரை அவர் வாயருகே பிடித்தாள். மூன்று வாய் குடித்தார்.

"உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு முன்பு அவள் துப்பட்டாவை வாங்கிப்போன ஆளுக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. அவள் சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டார்.

இதோடு முடித்தால் மனிதர் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அடுத்த வாரமே அவர் வாட்ஸாப்பில் ஒரு வீடியோ ஓடியது. யாரோ ஒரு பையன் எடுத்தது. வெளியே பேய்க்காற்று, தென்னை வளைகிறது, எங்கள் நீலக் கூரை அசையாமல் நிற்கிறது. கூரைக்குக் கீழே இருந்ததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டார். ஒரு கைகூடத் தெரியவில்லை. பின்னணியில் நாதஸ்வரம் வேறு. 'புயலுக்கே சவால்' என்று எழுதியிருந்தது. எக்கச்சக்கமான வேலை வந்தது. கூலியை ஏற்றினார். புது புல்லட் வாங்கினார். தொப்பி மட்டும் பழையதே.

சில மாதம் கழித்து வெல்டர் சாப்பிட வந்தபோது கேட்டேன், "இப்பவும் ஸ்க்ரூதானா?"

"இல்லக்கா, எல்லாக் கூரைக்கும் கொக்கிதான்."

"பரவால்லியே. ஆளு மாறிட்டாரா?"

"எங்க மாற?" வெல்டர் ரசத்தை உறிஞ்சினார். "அந்த வீடியோவ எடுத்த பய, அண்ணாச்சி ஏன் வந்து உக்காந்தாருன்னு எழுதி, முழுசையும் ஊருக்கே அனுப்பிட்டான். இப்ப வேல குடுக்குத ஒவ்வொருத்தனும் ஒங்க கண்டிஷனையே கேக்கான். புயலுன்னா வந்து உக்காருவியா, உக்காந்தாத்தான் அட்வான்ஸு, அப்படிங்கான். அண்ணாச்சி எல்லாருக்கும் சரின்னு சொல்லி வச்சிருக்காரு."

அதன் பிறகு நாங்கள் மெஸ்ஸுக்கு மேலே கான்கிரீட் தளம் போட்டுவிட்டோம். அவரைக் கூப்பிடும் தேவை வரவில்லை. ஆனாலும் அடுத்த புயல் எச்சரிக்கை வந்த அன்று மதியம், மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தபோது, சும்மா ஒரு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஒரே கோழிச் சத்தம்.

"எங்கண்ணா கீற?"

"வாலாஜாபாத் தாண்டி ஒரு கோழிப் பண்ணக்கா. ஓனரு வெளிய பூட்டு போட்டுகினு போயிட்டான்."

"காத்து எப்படி கீது?"

"ஏறுதுக்கா." தகரம் படபடப்பது எனக்கே கேட்டது. கோழிகள் ஒரே நேரத்தில் அலறின. அவர் குரல் எங்கிருந்தோ உயரத்திலிருந்து வந்தது. "வெச்சிடட்டுமாக்கா? ஒரு கையால புடிச்சிகினு நிக்கிறேன்."